வாசகர் கேள்வி – பதில்: ‘நோ மேன்ஸ் ஸ்கை’ நல்ல விளையாட்டுதானா?

இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் ஒரே வீடியோ கேமுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் இயங்கும் ஹலோ கேம்ஸ் என்னும் சிறிய நிறுவனம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற அறிவியல் புனைவு சாகச விளையாட்டைச் சென்ற இதழில் சுருக்கமாக அறிமுகப்படுத்தியிருந்தோம். பெயர் தெரியாத ஒரு கோளில், பழுதடைந்த விண்கலத்தின் அருகே கண்விழிக்கும் பயணி, கிடைக்கும் கனிமங்களைக் கொண்டு கலத்தைச் சீர்செய்து, கோள் விட்டுக் கோள் சென்று, விண்மீன் மண்டலத்தின் மையத்தை நோக்கி முன்னேறுவதுதான் அதன் அடிப்படை. அந்த அறிமுகத்துக்கு வந்த கடிதங்களில் பாதி அந்த விளையாட்டைக் கொண்டாடின. மீதி அதைத் திட்டின. அவற்றில் தேர்ந்தெடுத்த சில கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறோம்.

கேள்வி (கல்லூரி மாணவர், சென்னை): இந்த விளையாட்டை வாங்கலாம் என்று எண்ணி விளையாடியவர்களின் கருத்துகளைப் படித்தேன். “பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்” என்கிறார் ஒருவர்; “இதைப்போல ஒன்றை நான் கண்டதே இல்லை” என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். ஆனால் கருத்து எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதைப் பார்த்த பிறகு நம்புங்கள். ஒரே பெயரில், ஒரே விற்பனைப் பக்கத்தில் இருந்தாலும், 2016-இல் விற்கப்பட்ட விளையாட்டும் இன்று விற்கப்படும் விளையாட்டும் ஒன்றல்ல.

கணினிப் பதிப்பு வெளியான 2016 ஆகஸ்ட் 12 அன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை விளையாடினார்கள். பெருநிறுவனங்கள் தங்கள் விளையாட்டுகளுக்கு வைக்கும் அதே 60 டாலர் முழுவிலையில், சுமார் 15 பேர் கொண்ட ஒரு குழு உருவாக்கிய படைப்புக்கு அவ்வளவு கூட்டம் திரண்டது அதுவரை அரிதாகவே நடந்திருந்தது. பத்திரிகை விமர்சகர்கள் ஓரளவு பொறுமையாகவே மதிப்பிட்டார்கள். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில், நூற்றுக்கு, பிளேஸ்டேஷன் 4 என்னும் விளையாட்டுக் கருவிக்கான பதிப்பு 71 மதிப்பெண்ணும் கணினிப் பதிப்பு 61 மதிப்பெண்ணும் பெற்றன. விளையாடியவர்களின் கோபம் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், ஸ்டீமில் அப்போதைய அண்மைக்கால விமர்சனங்களின் தொகுப்பு அத்தளத்தின் அளவுகோலிலேயே மிகத் தாழ்ந்த படிக்கு இறங்கியிருந்தது.

பிறகு ஆண்டுக்கு ஆண்டு இலவச அப்டேட்கள் வந்தன. விளையாட வந்தவர்களின் மனநிலையும் மாறியது. ஒட்டுமொத்த விமர்சனங்களும் சேர்ந்து ‘மிகவும் சாதகம்’ என்ற நிலையை எட்டியது 2024-இன் பிற்பகுதியில்தான். அதாவது, முதல் சில மாதங்களில் குவிந்த எதிர்ப்பை ஈடுகட்ட எட்டு ஆண்டுகளின் பாராட்டு தேவைப்பட்டது. ஆகவே, நீங்கள் படித்த இரண்டு கருத்துகளில் முன்னது 2016-ஐச் சேர்ந்ததாகவும் பின்னது அண்மைக்காலத்ததாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். இன்று வாங்குபவருக்குப் பின்னதே பயன்படும். என்றாலும் முன்னதைப் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் சொல்லப்பட்ட குறைகள் சில இன்றும் நீங்கவில்லை. அவை எவை என்பதைக் கீழே மற்றொரு வாசகருக்கான பதிலில் விளக்கியிருக்கிறேன்.

கேள்வி (மென்பொருள் துறை வாசகர், மதுரை): எண்ணிமாளாத கோள்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தட்டுக்குள் அவ்வளவும் எப்படி அடங்கும்?

பதில்: எதுவும் அடக்கி வைக்கப்படவில்லை என்பதுதான் இதன் நுட்பம். கோளின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஓர் எண்ணை ‘விதை’யாகக் கொண்டு, வரையறுக்கப்பட்ட கணிதச் சூத்திரங்கள் நீங்கள் நெருங்கும்போது அந்தக் கோளின் மலைகள், வானிலை, செடிகொடிகள், விலங்குகள் ஆகியவற்றை அப்போதைக்கப்போது கணக்கிட்டு உருவாக்குகின்றன. நீங்கள் விலகியதும் கணினியின் நினைவிலிருந்து அவை அகன்றுவிடும். மீண்டும் வந்தால் அதே எண்ணிலிருந்து அதே மலைகள் மறுபடி எழும். உலகின் வேறொரு மூலையில் இருப்பவர் வந்தாலும் அவருக்கும் அதே மலைகள்தான். பயணிகள் இட்ட பெயர்கள், கட்டிய தளங்கள் போன்றவை மட்டுமே சர்வரில் தனியாகச் சேமிக்கப்படுகின்றன.

அந்த விதை 64 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) நீளம் கொண்டது. எனவே, சாத்தியமான கோள்களின் எண்ணிக்கை இரண்டின் 64-ஆம் அடுக்கு, அதாவது 18,446,744,073,709,551,616. நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி. ஒரு கோளுக்கு ஒரு நொடி வீதம் பார்த்துக்கொண்டே போனாலும் முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது உண்மையான சாதனை. தரையிலிருந்து கலத்தைக் கிளப்பி, மேகங்களைக் கடந்து, விண்வெளிக்குள் புகுந்து, வேறொரு கோளின் தரையில் இறங்கும் வரை இடையில் ஒரு ‘லோடிங்’ திரைகூடத் தோன்றாது. அந்த முதல் பறத்தலின் வியப்பை, விளையாட்டைக் கடுமையாக வெறுத்தவர்கள்கூடத் தங்கள் விமர்சனங்களில் மறுத்ததில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி): அத்தனை கோள்கள் இருந்தும், “எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, சில மணி நேரத்திலேயே சலித்துவிட்டது” என்று பலர் எழுதியதன் காரணம் என்ன?

பதில்: எண்ணிக்கை பெரிதாக இருப்பதும் வகைகள் பலவாக இருப்பதும் வேறு வேறு என்பதே காரணம். இந்த விளையாட்டின் மையக் குறையும் அதுதான். ஒரு புள்ளிக் கோலத்தில் ஒரே ஒரு புள்ளியை இடம் மாற்றினால் கணக்குப்படி அது வேறு கோலம். வாசலைக் கடந்து செல்பவரின் கண்ணுக்கோ அதே கோலம். சூத்திரம் தரும் வேறுபாடுகள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவை. விலங்குகளை எடுத்துக்கொண்டால், ஓவியர்கள் முன்கூட்டியே செய்துவைத்த உடற்கூடுகள், தலைகள், கால்கள், தோல் வண்ணங்கள் ஆகியவற்றைச் சூத்திரம் கலந்து கோக்கிறது. முதல் பத்துப் பதினைந்து விலங்குகள் வரை ஒவ்வொன்றும் புதுமையாகத் தெரியும். அதன் பிறகு, “இந்தத் தலையை அந்தப் பச்சைக் கோளில் பார்த்தோமே” என்று உறுப்புகளை அடையாளம் காணத் தொடங்கிவிடுவீர்கள். அந்த நொடியோடு வியப்பு முடிந்துவிடுகிறது.

இதைவிட ஆழமான வேறொரு குறையைச் சில விளையாட்டாளர்கள் மிகக் கூர்மையாக எடுத்துக்காட்டினார்கள். எனக்கு அவர்களுடைய கருத்துத்தான் மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. ஒரு கோளில் நீங்கள் இறங்கியதும், அதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நீங்கள்தான் என்று விளையாட்டு அறிவிக்கிறது. பெயர் சூட்டும் உரிமையையும் அளிக்கிறது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே வேற்றுக்கோள் இனத்தவரின் கலங்கள் வரிசையாகப் பறக்கின்றன. சற்றுத் தொலைவில் அவர்களுடைய வணிக நிலையம் நிற்கிறது. அதே வடிவக் கட்டடம் முந்தைய கோளிலும் இருந்தது, அதற்கும் முந்தைய கோளிலும் இருந்தது. யாருமே கால்பதிக்காத இடத்தைக் கண்டோம் என்னும் உணர்வு எங்கிருந்து வரும்? கோள்களில் பெரும்பாலானவற்றை முற்றிலும் வெறுமையாக விட்டுவிட்டு, உயிர் தென்படும் கோளை அபூர்வமாக்கியிருந்தால், அந்த ஒன்றைக் கண்டடையும் கணம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று அவர்கள் கேட்டார்கள். மாறாக, வாங்கியவர் எந்தக் கோளிலும் ஏமாந்துவிடக் கூடாது என்ற அச்சத்தால் எல்லாக் கோளிலும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தூவிவிட்டார்கள். அதனால் எந்தக் கோளுமே சிறப்பாக நிற்கவில்லை. ஒரு கோள் பாலைவனம் என்றால் துருவம் முதல் துருவம் வரை பாலைவனம்தான் என்பதும் இதோடு சேர்ந்துகொண்டது. ஆகவே, இறங்கிய இடத்தைச் சுற்றிப் பார்த்த பிறகு மறுபுறத்துக்குப் பறந்து செல்லக் காரணமே இல்லாமல் போனது.

செய்யும் வேலையும் எங்கும் ஒன்றாகவே இருந்தது. லேசர் கருவியால் பாறையை உடைத்துக் கனிமம் சேர்ப்பது, அதைக் கொண்டு எரிபொருள் நிரப்புவது, பை நிறைந்ததும் எதை எறிவது என்று தவிப்பது, மறுபடி கிளம்புவது. முதல் பதிப்பில் பொருள் வைக்கும் இடங்கள் மிகக் குறைவாக இருந்ததால், புதிய கோளைப் பார்க்கும் நேரத்தைவிடப் பைக்குள் இருப்பதை ஒழுங்குபடுத்தும் நேரம் கூடுதலானது என்று பலர் புகார் செய்தது முற்றிலும் நியாயமானதே. பையின் சிக்கல் பின்னர் தீர்க்கப்பட்டது. 2024 ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் ‘வேர்ல்ட்ஸ்’ என்ற பெயரில் இரு பாகங்களாக வந்த அப்டேட்கள் மிதக்கும் தீவுகள், ஆழ்கடல்கள், வாயுப் பெருங்கோள்கள் ஆகியவற்றைச் சேர்த்து நிலத்தோற்றத்தையும் வெகுவாக வளப்படுத்தின. ஆனாலும் கோளுக்கு ஒரே தட்பவெப்பம், எங்கும் அதே கட்டடங்கள் என்ற அடித்தளம் மாறவில்லை.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): வெளியீட்டுக்கு முன் நிறுவனம் பொய் சொன்னதா? இலவச அப்டேட்கள் தந்ததால் அதை மன்னித்துவிடலாமா?

பதில்: நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2013 டிசம்பரில் முதல் டிரெய்லர் வெளியானபோது இதில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ நான்கே பேர். அதுவரை ‘ஜோ டேஞ்சர்’ என்னும் மோட்டார் சைக்கிள் சாகச விளையாட்டைச் செய்தவர்கள் அவர்கள். டிரெய்லர் வந்த சில வாரங்களுக்குள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அவர்களுடைய அலுவலகம் வெள்ளத்தில் மூழ்கிக் கருவிகள் பாழாயின. 2014-இல் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் மேடையில் இடமளித்ததும் எதிர்பார்ப்பு கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. பேட்டி பேட்டியாக நிறுவனத்தின் முகமாகத் தோன்றியவர் ஷான் மரே. விளையாட்டுக்குள் மற்ற விளையாட்டாளர்களைச் சந்திக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் அதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்ற பொருளில் அவர் திரும்பத் திரும்பப் பதிலளித்தார்.

வெளியான முதல் நாளிலேயே இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்தை அடைந்து, நேரலையில் பலரும் பார்த்துக்கொண்டிருக்க, அருகருகே நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. வாய்ப்பு குறைவு என்பது ஒன்று. அந்த வசதியே இல்லை என்பது வேறொன்று. இதோடு, முன்பு காட்டப்பட்ட பெரும் மணற்புழுக்களும், பேசப்பட்ட பெரிய விண்கலப் படைப் போர்களும், சூரியனைச் சுற்றிவரும் கோள்களும் முதல் பதிப்பில் காணப்படவில்லை. எதிர்பார்த்தவை இல்லை என்பதைவிட, அவை இல்லை என்று வெளியீட்டுக்கு முன் தெளிவாக அறிவிக்காததே பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். முழு விலை கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வெளியீட்டுக்குப் பிறகு வாரக்கணக்கில் நிறுவனம் காத்த மௌனம் கோபத்தை மேலும் வளர்த்தது.

சட்ட நோக்கில் நீங்கள் கேட்பதால் ஒன்றையும் சேர்க்கிறேன். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஸ்டீம் பக்கத்திலிருந்த படங்களையும் வீடியோக்களையும் ஆராய்ந்து, அவை வாங்குபவரைத் தவறாக வழிநடத்தவில்லை என்று 2016 நவம்பர் இறுதியில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஆய்வு விற்பனைப் பக்கத்தைப் பற்றியதே. ஆண்டுக்கணக்காகப் பேட்டிகளில் ஊட்டப்பட்ட நம்பிக்கையைப் பற்றியதல்ல.

மன்னிப்பைப் பொறுத்தவரை, அது 2016-இல் வாங்கியவர்கள் தனித்தனியே தீர்மானிக்க வேண்டியது. நிறுவனம் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. 2016 நவம்பரில் தளம் கட்டும் வசதி, 2017 மார்ச்சில் தரை வாகனங்கள், 2017 ஆகஸ்டில் விரிவான கதை, 2018 ஜூலையில் ‘நெக்ஸ்ட்’ அப்டேட் வழியாக முழுமையான மல்டிபிளேயர் (பலர் சேர்ந்து விளையாடும் வசதி), 2019 ஆகஸ்டில் மெய்நிகர் கண்ணாடி (விஆர்) அணிந்து விளையாடும் வசதி, 2020-இல் மணற்புழுக்கள்கூட எனத் தொடர்ந்து கொடுத்தார்கள். ஒன்றுக்கும் தனிக் கட்டணம் வாங்கவில்லை. 2019-இல் விளையாட்டாளர்களே பணம் திரட்டி, நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அருகே நன்றி சொல்லும் விளம்பரப் பலகை ஒன்றை வைத்தார்கள். அந்த நன்றி உண்மையானது. அதே சமயம், 2016-இல் வாங்கி, ஏமாந்து, அதோடு விட்டுவிட்டவருக்கு 2018-இல் வந்த வசதியால் என்ன பயன்? “இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே” என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க முடியாது. வெளியீடு ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனபோது, மரேவுக்கும் அச்செய்தியை வெளியிட்ட பத்திரிகையாளருக்கும் கொலை மிரட்டல்கள் அனுப்பப்பட்டன. அதற்கு விளையாட்டாளரின் கருத்து என்ற பெயர் பொருந்தாது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): மையத்தை அடைந்தால் என்ன நடக்கும்? முடிவு உண்டா?

பதில்: முதல் பதிப்பில், பல நாள் உழைத்து மையத்தை அடைந்தவர், அடுத்த விண்மீன் மண்டலத்தின் விளிம்பில், பழுதடைந்த கலத்தோடு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பலருடைய இறுதி நம்பிக்கை அங்கேதான் உடைந்தது. பின்னர் சேர்க்கப்பட்ட கதை, பயணி வாழும் பிரபஞ்சத்தின் தன்மையையே கேள்விக்குள்ளாக்குகிறது; அதன் முடிவு பயணத்துக்குப் பொருள் தருகிறது. அதை இங்கே உடைத்துச் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி (ஆய்வு மாணவி, தஞ்சாவூர்): அப்டேட்களால் நன்மை மட்டும்தான் விளைந்ததா? இழந்தவர்கள் யாரும் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி; கொண்டாட்டத்தில் மறக்கப்பட்ட பக்கம் இது. மல்டிபிளேயர் வருவதற்கு முன்பே, ‘கலாக்டிக் ஹப்’ என்ற பெயரில் விளையாட்டாளர்கள் தாங்களாகவே ஒரு குடியேற்றத்தை ஏற்படுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலையிலும், ஒரே விண்வெளிப் பகுதிக்கு எல்லோரும் பயணித்து, கோள்களுக்குப் பெயரிட்டு, வரைபடம் தயாரித்து, பின்னர் தளங்களும் கட்டி, அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். விளையாட்டு தராத ஒன்றைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

முன்பு விளக்கியதை நினைவுகூருங்கள்: கோள்கள் சேமிக்கப்படுவதில்லை, சூத்திரத்திலிருந்து பிறக்கின்றன. ஆகவே, ‘அட்லஸ் ரைசஸ்’ என்ற 2017 ஆகஸ்ட் அப்டேட்டில் சூத்திரம் திருத்தப்பட்டதும், அதே எண்கள் வேறு கோள்களைப் பெற்றெடுத்தன. பசுமையைப் பார்த்து வீடு கட்டிய இடம் நச்சுக் காற்று வீசும் நிலமாக மாறியிருந்தது. குடியேறிகள் கூட்டாக வேறு பகுதிக்கு இடம்பெயர்ந்தார்கள். கைவிடப்பட்ட தளங்களும் செய்திகளும் பழைய பகுதியில் எஞ்சின. டிஜிட்டல் விளையாட்டுகளை ஆராயும் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ராயின்ஹார்ட், ஒரு பழைய ஊரை ஆராய்வதுபோல அந்தக் கைவிடப்பட்ட பகுதியைச் சுற்றிப் பதிவு செய்தார். உங்கள் ஆய்வுக்கு அது உதவக்கூடும். பின்வந்த சில பெரிய அப்டேட்களிலும் இதே மாற்றம் நேர்ந்து, விரும்பிய கோளை இழந்தவர்கள் வருந்தி எழுதினார்கள். அதனால்தான் அண்மை ஆண்டுகளில் பழைய கோள்களைப் பெரிதும் குலைக்காமல், புதிய நிலத்தோற்றங்களைப் பெரும்பாலும் புதிய கோள்களில் சேர்க்கும் வழியை நிறுவனம் நாடியது. அது சரியான முடிவு.

கேள்வி (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்): நான் முதல் பதிப்பையே விரும்பி விளையாடியவன். இன்றைய பதிப்பில் எங்கு பார்த்தாலும் பணிகள், அறிவிப்புகள், கூட்டம். அந்தத் தனிமை போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனா?

பதில்: இல்லை. உங்களைப்போல எண்ணுபவர்கள் சிறுபான்மையினர். ஆனால் அவர்களின் கருத்தில் உண்மை இருக்கிறது, நானும் அதை ஏற்கிறேன். முதல் பதிப்பு ஒரு நல்ல விளையாட்டாக நிறைவு பெறவில்லை என்றாலும், ஒரு மனநிலையாக நிறைவு பெற்றிருந்தது. 1970-களின் அறிவியல் புனைவு நூல் அட்டைகளைப்போன்ற ஆரஞ்சு வானங்கள், ஷெஃபீல்டு நகரத்து இசைக்குழுவான 65டேஸ்ஆஃப்ஸ்டாடிக் அமைத்து, பயணத்துக்கு ஏற்ப விரிந்தும் சுருங்கியும் ஒலித்த இசை, வேற்றினத்தவரின் மொழியை ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவர்களோடு பேசிய உரையாடல்கள் ஆகிய எல்லாமே, பெரும் வெளியில் தனியாக இருக்கும் ஒருவரின் மனத்தை மையமாகக் கொண்டிருந்தன. அங்கே செய்வதற்கு அதிகம் இல்லாததுகூட அந்த மனநிலைக்குத் துணை நின்றது.

பெரும்பாலான விளையாட்டாளர்கள் கேட்டது அதற்கு நேர்மாறானது: நண்பர்கள், கட்டடங்கள், பணிகள், படைகள், வாகனங்கள். நிறுவனம் அவர்களுக்குச் செவிசாய்த்தது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட வசதிகள் பல ஆழமின்றி இருப்பதும், புதிதாக வருபவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவதும் இன்றைய பதிப்பின் உண்மையான குறைகள். விமர்சனப் பக்கங்களில், “கடல் அளவு அகலம், கணுக்கால் அளவு ஆழம்” என்ற பொருளில் இன்றும் எழுதப்படுவது இதைத்தான். மல்டிபிளேயரை அமைப்புகளில் அணைத்துவிட்டு, பணிகளின் பட்டியலையும் பொருட்படுத்தாமல் பறந்து பாருங்கள். முழுவதும் திரும்பாவிட்டாலும், அந்தத் தனிமையின் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி (ஒரு தாய், ஈரோடு): என் பன்னிரண்டு வயது மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா? உள்ளே மேலும் மேலும் பணம் கேட்குமா?

பதில்: வாங்கித் தரலாம். ஒருமுறை வாங்கிய பிறகு உள்ளே உண்மைப் பணம் செலவழிக்கும் கடை எதுவும் இல்லை. இதுவரை வந்த பெரிய அப்டேட்கள் அனைத்தும் இலவசம். ஐரோப்பிய வயது மதிப்பீடு 7-க்கு மேல் என்கிறது; அமெரிக்க மதிப்பீடு பதின்வயதினருக்கு என்கிறது. கோள்களில் திரியும் காவல் இயந்திரங்களோடும் விண்வெளிக் கொள்ளையரோடும் சண்டை உண்டு. 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, சண்டையின் கடுமை, பொருள்களின் விலை, உயிர்பிழைப்பதற்கான தேவைகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்; ஆரம்பத்திலேயே நீங்களும் மகனும் சேர்ந்து அதை அமைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் தனியாக விளையாட முடியும். அறிமுகமில்லாதவர்களோடு பேச்சு வேண்டாம் என்றால் மல்டிபிளேயரை அணைத்துவிடலாம். முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஸ்டீமின் தள்ளுபடிக் காலங்களில் பாதி விலைக்கே கிடைப்பது வழக்கம். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும் என்பதால், வீட்டுக் கணினியில் சரியாக ஓடுகிறதா என்பதை முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.